பல் வயதால் விழுவதில்லை

அம்மா முறுக்கைக் கடித்துத் தின்பதை எப்போது நிறுத்தினார் என்று எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. முதலில் காபியில் நனைத்துச் சாப்பிட்டார். அப்புறம் கொய்யாப்பழத்தைச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் தரச் சொன்னார். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று பிரஷ்ஷை ஓரம் வைத்துவிட்டு, விரலில் பல்பொடி தொட்டு மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் கண்ணில் படுவது குறைந்தது. சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டார். கீழ்வரிசை முன்பல் இரண்டு ஆடத் தொடங்கியபோதுகூட, "அம்பத்தஞ்சு வயசாச்சு, இனிமே ஆடாம என்ன பண்ணும்?" என்றுதான் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

பல் டாக்டர், மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் இறக்கி அளந்தார். நர்ஸிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். மூணு, ரெண்டு, மூணு. அடுத்த பல். நாலு, அஞ்சு, ஆறு. முன்பல்லுக்கு வந்தபோது எட்டு என்றார். முடித்துவிட்டு அம்மாவிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "ரத்தம் வந்த அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா சும்மா சுத்தம் பண்ணி அனுப்பியிருப்பேன்மா."

அந்த எண்கள் என்ன, ரத்தத்துக்கும் எட்டுக்கும் இடையில் அத்தனை ஆண்டுகளாக உள்ளே ஈறு நோய் என்னதான் செய்தது என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பல்லைச் சுற்றி ஈறு ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தாலும், விளிம்பில் ஒரு மெல்லிய பள்ளம் எல்லோருக்கும் உண்டு. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் இடையில் இருக்கும் இடைவெளி மாதிரி. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அதற்குக் கீழேதான் ஈறு பல்லோடு பற்றிக்கொள்கிறது. இன்னும் கீழே, பல்லின் வேரைத் தாடை எலும்போடு கட்டிப்போடும் நுண்ணிய நார்கள். பல் நிற்பது எலும்பின் பலத்தாலும் இந்த நார்களின் பலத்தாலும்தான். பல் உறுதியாக இருந்தாலும் அதைப் பிடித்திருப்பது போய்விட்டால் விழ வேண்டியதுதான். சொத்தையே இல்லாத முழுப் பல் ஒன்று சோற்றோடு கையில் வந்துவிடுவதை நம்மில் பலரும் வீட்டுப் பெரியவர்களிடம் பார்த்திருக்கிறோம்.

பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் மறுபடி அதன்மேல் குடியேறத் தொடங்கிவிடும். நாள் முழுக்கத் துலக்காமல் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, பிசுபிசுவென்று வருகிறதே, அதுதான் பற்படலம். வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். ஈறு ஓரத்தில் தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கல்லாக இறுகிவிடும். காரை என்பது அதுதான். கீழ் முன்பல்லின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்திலும் இது சீக்கிரம் சேர்வதற்குக் காரணம், எச்சில் சுரப்பிகளின் வாய் அந்த இடங்களில் திறப்பதே. நாக்கு நுனியால் கீழ்ப்பல்லின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது காரையாக இருக்கலாம். அதை எந்தப் பேஸ்ட்டும் கரைக்காது.

ஈறு வீங்கி ரத்தம் வரக் காரணம் இந்தப் படலம்தான் என்பது இன்று சாதாரணச் செய்தி. ஒரு காலத்தில் அதுவே விவாதமாக இருந்தது. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அதை நேரடியாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர், அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல் ஆனதில் ஈறு பழையபடி ஆகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனையின் பின்பாதிதான் முக்கியம். ரத்தம் மட்டும் வரும் கட்டத்தில் இருக்கும் ஈறு முழுவதுமாகத் திரும்பி வரும். மருந்து கூட வேண்டாம், படலம் போனால் போதும். அம்மா செய்தது நேர் எதிர்: ரத்தம் வந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டார்.

சரி, திரும்பாமலே விட்டுவிட்டால்? பத்து ஆண்டு, இருபது ஆண்டு கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? உலகத்துப் பல் மருத்துவ மாணவர்கள் இந்தக் கேள்விக்குப் பாடமாகப் படிக்கும் பதில், இலங்கை மலையகத்துத் தமிழர்களின் வாயிலிருந்து வந்தது. அதை முதல்முறை படித்த அன்று என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

அதே ஹரால்ட் லோ குழுவினர் 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் வேலை பார்த்த 480 ஆண் தொழிலாளர்களின் பற்களை அளந்து குறித்தார்கள். வயது 14 முதல் 31 வரை. உடல் திடமான உழைப்பாளிகள். ஆனால் பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ எந்தத் திட்டமும் அதுவரை அவர்களை எட்டிப் பார்த்ததில்லை. பிரஷ் பிடித்துத் துலக்கும் வழக்கமும் இல்லை. 1971, 73, 77, 82, 85 என்று திரும்பத் திரும்பப் போய் அதே வாய்களை அளந்தார்கள். இலங்கை, இந்திய அரசுகள் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1985-இல் கடைசியாக அளந்தபோது பழைய ஆட்களில் 161 பேர் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நார்வேயின் ஆஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் இதேபோலத் தொடர்ந்து அளந்து வந்தார்கள்.

இலங்கையில் ஈறை முரசு என்பார்கள். அந்தத் தொழிலாளர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் முரசு வீங்கித்தான் இருந்தது. சொத்தை அநேகமாக யாருக்கும் இல்லை. ஆகவே விழுந்த பல் எல்லாம் ஈறு நோயால் விழுந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தது. ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததற்கு மேலாக ஒன்று தெரியவந்தது. எல்லோரும் ஒரே மாதிரி துலக்காமல் இருந்தும் எல்லோருக்கும் ஒரே கதி வரவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ச்சலில் போனது: 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 35-இல் 12 பல் போய், 40-இல் 20 பல் போய், 45 வயதில் வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை. சுமார் 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் போனது: 30-க்கு மேல் பல் விழத் தொடங்கி, 45 வயதில் சராசரியாக 7 பல் இல்லை. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியிருந்ததே தவிர, பல் விழவே இல்லை.

"எங்க தாத்தா பிரஷ்ஷே பிடிச்சதில்ல, தொண்ணூறு வயசுல கரும்பு கடிச்சார்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது அந்த 11 சதவீதம் ஞாபகம் வருகிறது. தாத்தா சொன்னது பொய்யில்லை. அவர் உடம்பின் கொடுப்பினை அப்படி. ஆனால் அந்தத் தாத்தாவின் பேரனுக்கு அதே கொடுப்பினை இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 20 வயதில் ஈறில் ரத்தம் பார்க்கும் ஒருவர், தான் அந்த 8 சதவீதத்தில் ஒருவரா 81 சதவீதத்தில் ஒருவரா என்று கண்ணாடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வயதைப் பற்றிய நம் நம்பிக்கைக்கும் இந்த ஆய்வில் பதில் இருக்கிறது. 40 வயதை நெருங்கும்போது நார்வேக்காரர்களுக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் போல்தான் இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு நாலரை. இரு தரப்புக்கும் வயது ஒன்றுதான். மாறியிருந்தது பல் பராமரிப்பும் மருத்துவம் எட்டிய தூரமும்தான். 2010-இல் வேறொரு குழு போய், பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்து மீண்டும் அளந்தது. காரையை அகற்றி, படலத்தைக் கட்டுப்படுத்தி, ஈறு அழற்சியைத் தொடக்கத்திலேயே அடக்கினால்தான் பல் இழப்பைத் தடுக்க முடியும் என்பதே அந்த 40 ஆண்டுப் பதிவின் முடிவு. கொழுந்து பறித்த, கவ்வாத்து வெட்டிய மனிதர்கள் வாயைத் திறந்து காட்டியதால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது. அது தமிழ்நாட்டு வீடுகளுக்கும் மலையகத்து லயன் வீடுகளுக்கும் இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த எட்டு மில்லிமீட்டருக்கு வருவோம். படலமும் காரையும் ஈறின் பள்ளத்துக்குள் இறங்கும்போது உடம்பின் காவல் படை அங்கே விரைகிறது. கிருமிகளை அழிக்க அது சுரக்கும் பொருட்கள் பக்கத்திலிருக்கும் நார்களையும் சேர்த்தே கரைக்கின்றன. எலும்பை அரிக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன. கிருமி எலும்பைத் தின்பதில்லை. கிருமியோடு ஓயாமல் நடக்கும் சண்டையில் நம் உடம்பே தன் எலும்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. எலும்பு இறங்க இறங்கப் பள்ளம் ஆழமாகிறது. டாக்டர்கள் அதைப் பாக்கெட் என்கிறார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிரஷ்ஷின் நார் அடிவரைக்கும் எட்டாது. காற்றில்லாத அந்த ஆழம், காற்று ஆகாத கிருமிகளுக்கு வசதியாகிவிடுகிறது. விடாத வாய் நாற்றம் பெரும்பாலும் இங்கிருந்தும் நாக்கின் பின்பகுதியிலிருந்தும் வருவதுதான். இத்தனை நடந்தும் பெரும்பாலும் வலிப்பதில்லை. சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாது, மறுநாளே நம்மை டாக்டரிடம் துரத்திவிடும். ஈறு நோய் யாரையும் எழுப்பாது.

இதனால் ரத்தத்தைத்தான் நாம் வலியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாஷ்பேசினில் துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருந்தாலோ, கொய்யாவையோ ஆப்பிளையோ கடித்த இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தாலோ அது சேதி. வைட்டமின் குறைவு என்று சப்பும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வைட்டமின் சி குறைந்தால் ஈறில் ரத்தம் வருவது உண்மை. ஆனால் காய்கறியும் பழமும் ஓரளவு சாப்பிடுகிற ஒருவருக்கு ரத்தம் வந்தால் முதல் சந்தேகம் காரையின் மேல்தான் போக வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: தொடாமலே ஈறில் ரத்தம் கசிகிறது, கூடவே காய்ச்சலோ உடம்பில் காரணமில்லாமல் கன்றிய திட்டோ இருக்கிறது என்றால் பல் டாக்டருக்குக் காத்திருக்காமல் உடனே பொது மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டெங்கு முதல் ரத்தப் புற்று வரை அதற்குப் பின்னால் இருக்கக்கூடும்.

பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு இந்தச் சேதிகூட வராது. புகை ஈறின் ரத்த நாளங்களைச் சுருக்கிவிடுவதால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ஈறு வெளுத்து, இறுகி, நல்லபடி இருப்பதுபோல் தெரியும். புகைப்பவருக்கு நோயும் வேகம், சிகிச்சைக்கு ஈறு ஆறுவதும் தாமதம். கன்னத்தில் புகையிலையை அடக்கிவைப்பவர்களுக்கு அதை வைக்கும் இடத்திலேயே ஈறு கீழிறங்கி வேர் தெரியும். அங்கே வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால் ஈறு நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, புற்றுநோய்க்கான சோதனைதான் முதலில்.

அம்மாவின் கதையில் இன்னொரு பாதி சர்க்கரை. டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். மூன்று மாதச் சராசரி 8.9 இருந்தது. அதுவரை அவருக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று 1993-இல் எழுதியவரும் ஹரால்ட் லோதான். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய், புண் ஆறுவதில் தாமதம் என்ற வரிசையில் ஈறையும் அவர் சேர்த்தார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறின் அழற்சி கூடுகிறது, ஆறுவது மந்தமாகிறது. இது இருவழிப் பாதை: ஈறில் ஓயாமல் கனலும் அழற்சி, உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படுவதைக் குறைக்கிறது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு அடுத்த மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி என்ற அந்த மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.3 முதல் 0.4 வரை இறங்குவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணக்கிட்டது. வருஷா வருஷம் காலையும் கண்ணையும் பார்க்கிற மாதிரி ஈறையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதய நோய்க்கும் ஈறுக்கும் தொடர்பு உண்டு என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது நிரூபணமாகவில்லை.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் அதே அளவு படலத்துக்கே ஈறு அதிகமாக வீங்கும். குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பல் சுத்தம் செய்துகொள்ள வசதியான காலம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடித்து வளரச் செய்யும். மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல் எழுதித் தந்த டாக்டரிடம் சொன்னால் மாற்று பார்ப்பார்.

இனி துலக்குவது. நம்மில் முக்கால்வாசிப் பேர் பல்லைத் தேய்க்கிறோம், ஈறு விளிம்பை விட்டுவிடுகிறோம். 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் சார்லஸ் பாஸ் என்ற மருத்துவர் சொல்லித் தந்த முறையைத்தான் இன்றும் பல் டாக்டர்கள் சின்ன மாற்றங்களோடு சொல்லித் தருகிறார்கள். மென்மையான நார் கொண்ட பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் வைக்க வேண்டும். நார் நுனி அந்தப் பள்ளத்தில் லேசாக நுழையும்படி. அங்கேயே இடம் பெயராமல் குட்டிக் குட்டி அசைவாக ஆட்டிவிட்டு, பிறகு ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி உருட்ட வேண்டும். கீழ் முன்பல்லின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளலாம். பிரஷ்ஷைப் பேனா மாதிரி விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகவே குறையும். இரண்டு நிமிடம், காலையிலும் இரவிலும். ஒருவேளைதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால் கிருமிகளுக்கு அது வசதியான நேரம். ரத்தம் வரும் இடத்தைத் தள்ளிவிடாமல், அங்கேதான் பொறுமையாகத் துலக்க வேண்டும். முதல் சில நாள் கூடுதலாகவே வரும், பிறகு அடங்கும். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் அடங்கவில்லை என்றால் உள்ளே காரை இருக்கக்கூடும், டாக்டரின் கைதான் வேண்டும்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழியில் வேல் என்பது கருவேலம். குச்சியின் நுனியை நன்றாக மென்று தூரிகை மாதிரி ஆக்கித் தேய்த்தால் பல்லின் வெளிப்புறம் சுத்தமாகத்தான் ஆகும். உட்புறத்துக்கும் பல்லிடுக்குக்கும் அது எட்டுவதில்லை, ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதோ இடுக்கில். அதற்கென்றே சின்னக் கம்பிப் பிரஷ்ஷும் ஃபிளாஸ் நூலும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. தீக்குச்சி, ஊக்கு, ஈர்க்குச்சி எதையும் இடுக்கில் விடவேண்டாம். அது ஈறைக் கிழித்து இடைவெளியைப் பெரிதாக்கும். அடுப்புக்கரி, செங்கல் பொடி, கல் உப்பு வைத்து அழுத்தித் தேய்த்தால் பல் கழுத்து தேய்ந்து ஈறும் கீழிறங்கும். எண்ணெய் கொப்பளிப்பதில் தவறில்லை, காரையை மட்டும் அது அசைக்காது. குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும்.

பல் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், இடைவெளி விழும் என்ற பயம் அம்மாவுக்கும் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. எலும்பு இறங்கி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பற்களைக் காரை ஒன்றோடொன்று ஒட்டிச் சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். வீங்கிய ஈறும் இடைவெளியை மறைத்திருக்கும். காரை போய் வீக்கம் வடிந்ததும் இரண்டும் வெளியே தெரிகின்றன. கருவி பல்லை ஆட்டிவிடவில்லை. சீக்கிரமே சுத்தம் செய்துகொள்கிறவர்களுக்கு இந்த அனுபவமே வருவதில்லை.

பாக்கெட் ஆழமாக இருந்தால் மேலோட்டமாகக் காரையை அகற்றும் ஸ்கேலிங் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு வேர்வரை சுத்தம் செய்வார்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறிய அறுவை தேவைப்படலாம். போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். சில வடிவப் பள்ளங்களில் மட்டும் எலும்புத் துகள் வைத்து ஓரளவு வளர்க்கிறார்கள். நோய் வந்து போன வாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு தொடர வேண்டும்.

அம்மாவின் முன்பல் இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. மற்ற இடங்களில் ஆறு நாலாகவும், ஐந்து மூன்றாகவும் இறங்கியிருக்கிறது, சர்க்கரையும் 7.2-க்கு வந்துவிட்டது. அந்த எண்கள் எழுதிய தாளை அவர் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். அடுத்தமுறை பல் டாக்டரிடம் போகும்போது நீங்களும் எல்லாப் பல்லையும் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அளக்கப் பத்து நிமிடம் போல்தான் ஆகும், பெரிதாக வலிக்காது. 4-உம் அதற்கு மேலும் எந்தப் பல்லில் இருக்கிறது, தொட்டால் ரத்தம் எங்கே வருகிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.